வியூபாயிண்டுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகப் படமெடுக்கிறேன். தேயிலைத் தோட்டம், மலை ரயில், பனிமூட்டம், சூரிய உதயம் எல்லாம் எடுத்தாயிற்று. என் படங்களையும் அடுத்தவர் படங்களையும் கலந்து வைத்தால் எது என்னுடையது என்று எனக்கே தெரியாது. எனக்குப் பிடித்த மாதிரி எடுத்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கென்று ஒரு ரசனையை எப்படி வளர்த்துக்கொள்வது?

பதில்:

முதலில் படங்கள் ஏன் ஒன்றுபோலவே வருகின்றன என்று பிரித்துப் பார்த்துவிடலாம். கேமராவைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான்கு விஷயங்கள் உங்களுக்காக முடிவு செய்யப்பட்டுவிடுகின்றன. எங்கே நிற்பது என்பதைக் கம்பித் தடுப்பு முடிவு செய்கிறது. கொடநாடு காட்சிமுனை, குன்னூர் டால்பின் நோஸ், கொடைக்கானல் தூண் பாறை என எங்கே போனாலும் தடுப்பை ஒட்டித்தான் நிற்க முடியும். எப்போது எடுப்பது என்பதை டிக்கெட் கவுண்டரும் பேருந்து நேரமும் முடிவு செய்கின்றன. எவ்வளவு அகலமாகப் பார்ப்பது என்பதைப் போனின் பிரதான லென்ஸ் முடிவு செய்கிறது. பெரும்பாலான போன்களில் அது ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ளது) 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமம். என்ன நிறம், எவ்வளவு வெளிச்சம் என்பதைப் போனின் மென்பொருள் முடிவு செய்கிறது: நிழலைத் திறந்துவிடும், பச்சையை ஏற்றிவிடும், பனியை உரித்து மலையை வெளியே கொண்டுவந்துவிடும். இந்த நான்கும் மாறாத வரை, நீங்கள் எவ்வளவு உணர்ந்து எடுத்தாலும் படம் பக்கத்தில் நிற்பவருடையது போலத்தான் இருக்கும். குறை உங்கள் கண்ணில் இல்லை.

நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் படம் வித்தியாசமாக வரும், ஆனால் எது மாறியதால் வித்தியாசம் வந்தது என்று பிடிபடாது. ஒன்றை மட்டும் மாற்றி ஒரு மாதம் எடுங்கள். மற்ற மூன்றையும் அப்படியே விடுங்கள்.

இடத்தில் தொடங்குவது எளிது. வியூபாயிண்ட்டுக்குப் போங்கள், பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். எதிரே மண்சரிவைத் தாங்கும் தடுப்புச்சுவர் இருக்கும், அதில் நீர் கசிய விட்ட குழாய்த் துளைகள் இருக்கும், ஒவ்வொரு துளைக்குக் கீழும் பாசி ஒரு நாக்குப் போல வழிந்திருக்கும். ஊற்றிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் கறுப்பு ஹோஸ் குழாய்கள் மரத்துக்கு மரம் தொங்கும். தார்ப்பாய் போர்த்திய விறகுக் குவியல், தகரக் கூரைமேல் காற்றுக்குப் பயந்து ஏற்றிவைத்த கல், பச்சை இலை எடைபோடும் கொட்டகை, கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் இயந்திரத்திலிருந்து ஓடும் செந்நிற மண்ணீர். மலையில் மனிதர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பது பள்ளத்தாக்கைவிட இந்தப் பக்கத்தில்தான் தெரிகிறது.

நேரத்தை மாற்றுவது அதைவிட ஆழமாக வேலை செய்யும். நம் திணை மரபு மலைக்கு, அதாவது குறிஞ்சிக்கு, கொடுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; சிறுபொழுது யாமம். நள்ளிரவும் குளிர்காலமும் மலையின் நேரம் என்று வகுத்துவைத்த மொழி இது. சுற்றுலாப் படங்களோ ஏப்ரல், மே மாதங்களின் காலைப் பொழுதிலேயே நின்றுவிட்டன. ஒரு மாதம் சூரியன் மறைந்த பிறகு மட்டும் எடுத்துப் பாருங்கள். டிரைபாட், இரண்டு நொடி டைமர், ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800, லென்ஸ் திறப்பு எஃப் 4. தெருவிளக்கு விழும் இடத்துக்கு ஒரு நொடியில் தொடங்கி, விளக்குக்கு அப்பாலுள்ள சரிவும் வேண்டுமென்றால் 8 நொடி வரை போகலாம். மூட்டம் இறங்கிய இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் விரியும். விளக்கே ஃபிரேமில் இருந்தால் அது வெந்து வெளுத்துவிடும். விளக்கை ஒரு தூணுக்கோ மரத்துக்கோ பின்னால் மறையவிட்டால் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ஒன்றை மறக்க வேண்டாம்: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டெருமை ஊருக்குள்ளேயே நடமாடும், கோத்தகிரிப் பக்கம் கரடியும் வரும். இருட்டில் தேயிலைப் பாத்திக்குள் இறங்காதீர்கள். பேருந்து நிலையம், வீட்டு முற்றம், கடைவீதி என முதுகுக்குச் சுவர் இருக்கும் இடம் போதும். துணைக்கு ஒருவர் கட்டாயம். விலங்கு தென்பட்டால் படம் வேண்டாம், பிளாஷ் வேண்டவே வேண்டாம், உள்ளே போய்விடுங்கள்.

அகலத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்: ஃபுல் ஃபிரேம் கேமராவில் 50 மி.மீ., சிறிய சென்சாரில் 35 மி.மீ. ஜூம் லென்ஸ்தான் இருக்கிறது என்றால் அந்த எண்ணில் நிறுத்தி டேப் ஒட்டிவிடுங்கள். போன் என்றால் 2 மடங்குக்கு மாற்றிவிட்டு அங்கேயே இருங்கள். நிறத்துக்கு, ரா கோப்பில் (கேமரா திருத்தாமல் பதியும் கோப்பு) எடுத்து, மென்பொருளில் தானியங்கித் திருத்தத்தையும் மூட்டம் நீக்கும் ஸ்லைடரையும் தொடாமல் இருப்பதுதான் முதல் பயிற்சி. தேயிலைப் பச்சை கண்ணைக் குத்தினால் பச்சையின் செறிவை மட்டும் 15, 20 புள்ளி இறக்கி, அதன் சாயலைச் சிறிது மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். உண்மையான தேயிலை அந்த நிறத்துக்குத்தான் நெருக்கம்.

இவற்றைச் செய்யும்போதே இன்னொரு வேலையையும் தொடங்க வேண்டும். நான்கு ஆண்டுகளாக எடுத்தவற்றில் உங்கள் ரசனை ஏற்கெனவே சிதறிக் கிடக்கும். அதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். 150 படங்களை 4×6 அங்குல அளவில் ஃபோட்டோ லேபில் கொடுத்து அச்செடுங்கள். திரையில் செய்தால் இது வேலைக்கு ஆகாது. திரையில் ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் பார்க்கிறோம், மேசையில் ஐம்பதைச் சேர்த்துப் பார்க்கலாம். மூன்று குவியலாகப் பிரியுங்கள். மற்றவர் பாராட்டியவை ஒன்று. யாரும் கண்டுகொள்ளாத, ஆனால் உங்களுக்குப் பிடித்தவை இரண்டு. ஏன் எடுத்தோம் என்று உங்களுக்கே தெரியாதவை மூன்று. முதல் குவியலை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அது உங்களுக்கு எதுவும் கற்றுத்தராது. மற்ற இரண்டிலும் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் எழுதுங்கள்: பொருள் எவ்வளவு தொலைவில், கேமரா எந்த உயரத்தில், வெளிச்சம் எந்தப் பக்கம், ஓரங்களில் என்ன வெட்டுப்பட்டிருக்கிறது, எந்த நிறம் அதிகம். அழகு, அமைதி, ஏக்கம் போன்ற சொற்கள் கூடாது; அளக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். நாற்பது படத்துக்குள் ஏதாவது ஒன்று திரும்பத் திரும்ப வரும். எப்போதும் 3 மீட்டருக்குள் நிற்கிறீர்கள், அல்லது வானமே இல்லாமல் எடுக்கிறீர்கள், அல்லது மனிதர் இப்போதுதான் எழுந்துபோன இடங்களாகவே இருக்கின்றன என்று தெரியவரும். கேமரா பதிந்து வைத்திருக்கும் தகவலையும் பாருங்கள்: ஜூம் லென்ஸில் எந்த எண்ணில் அதிகம் நிற்கிறீர்கள் என்பது உங்கள் கண் எவ்வளவு விலகி நிற்க விரும்புகிறது என்பதற்கு நேரடிச் சாட்சி. இந்தத் திரும்பல்தான் விதை. வெளியிலிருந்து ஒரு 'ஸ்டைலை'த் தேடிக் கொண்டுவந்து ஒட்டினால் ஆறு மாதத்தில் அது உரிந்துவிடும்.

விதை கிடைத்ததும் அதற்கு ஏற்ற ஒரே ஒரு பொருளை, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஓராண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு என்றதும் மலைப்பாக இருக்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. 1904 முதல் நூற்றாண்டுக்கும் மேலாக, வானம் விட்ட நாளிலெல்லாம் சூரியன் என்ற ஒரே பொருளை ஒரே மாதிரிப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தட்டில் ஒரு வட்டம், அதில் சில புள்ளிகள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாறாமல் இருப்பதால்தான் புள்ளி நகர்வது தெரிகிறது. 1909-ல் ஜான் எவர்ஷெட் சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஒளிப்படத்திலும் இதே முறையை ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பின்பற்றினார்கள்: நீர்த்தொட்டிகளையும் உலைகளையும் மேகமூட்டமான வானத்தின் கீழ், ஒரே கோணத்தில், நேருக்கு நேர் எடுத்துக் கட்டம் கட்டமாக மாட்டினார்கள்.

நம் மலைக்கு இது அளவெடுத்துத் தைத்த முறை, ஏனென்றால் மேகமூட்டம் நமக்கு இலவசம். ஊர்ப் பேருந்து நிழற்குடைகளை எடுத்துக்கொள்வோம். விதிகள்: 50 மி.மீ. லென்ஸ், டிரைபாடில் கேமரா 1.4 மீட்டர் உயரம், எஃப் 8, நிழற்குடை ஃபிரேம் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும் தொலைவு, நிழல் விழாத வெளிச்சம், ஆள் இல்லாத நொடி. குறைந்தது இருபது. முதல் ஐந்தில் சலிப்பு வரும். பத்துக்கு மேல் போனதும் ஒன்றில் எம்.எல்.ஏ. பெயர், ஒன்றில் சாமி படம், ஒன்றில் யாரோ காயப்போட்ட ஸ்வெட்டர் என்று ஒவ்வொன்றும் பேசத் தொடங்கும்.

இதில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: மலைச்சாலையில் நம் கண் சரிவையே சமதளமாக எடுத்துக்கொள்ளும். சாலையைப் பார்த்துக் கேமராவை நேராக்கினால் நிழற்குடை சாய்ந்து நிற்கும். கேமராவின் மின்னணு மட்டத்தையோ ரசமட்டத்தையோ மட்டும் நம்புங்கள். தூண்கள் செங்குத்தாக நின்றால் சாலை சாய்ந்துதான் இருக்க வேண்டும், அது சரி. அகல லென்ஸை அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நெருங்கும். பின்னால் போக இடமில்லாவிட்டால் அந்த நிழற்குடையை விட்டுவிடுங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்தி எடுக்கும் எண்ணமே வேண்டாம்.

இனி பனிமூட்டம். மலை ஒளிப்படத்தில் மிக அதிகமாகத் தேய்ந்துபோன பொருளும் இதுதான், மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் இதுதான். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் மூட்டத்தைக் கொண்டுவரும். மேற்கே நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக் விளிம்பில் காலையில் தெளிவாக இருந்துவிட்டுப் பகல் ஏற ஏறக் கீழிருந்து மேகம் மேலேறும்.

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஆகவே மூட்டத்தை அப்படியே எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டி எடுங்கள். கரிய மரத்தண்டு ஃபிரேமில் பாதியை நிரப்பினால் மட்டும் கூட்ட வேண்டாம். ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து வெளிச்சம் வரை படத்தின் பரவலைக் காட்டும் வரைபடம்) குறுகிய ஒற்றைத் திமிலாக, நடுவுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். வலது சுவரை முட்டக் கூடாது. பிறகு அந்தத் திமிலை இழுத்து இரு முனைக்கும் நீட்ட வேண்டும் என்று மென்பொருள் ஆசைகாட்டும். நீட்டினால் மூட்டம் போய்விடும். ஜேபெக் கோப்பில் நீட்டினால் வானத்தில் படிக்கட்டுப் போல் பட்டைகளும் விழும். மூட்டத்தில் கருமை என்பதே கிடையாது. மிக இருண்ட இடமும் அடர்சாம்பலாகவே இருக்கட்டும்.

சிவப்பு ஃபில்டர் போட்டால் மூட்டம் கிழியும் என்று சொல்வார்கள். அது கோடையில் தொலைமலைமேல் படியும் நீலப் புகைச்சலுக்குத்தான் வேலை செய்யும். அந்தப் புகைச்சலின் துகள்கள் மிகச் சிறியவை, நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். சிவப்பு ஃபில்டர் நீலத்தை மறைப்பதால் மலை தெளியும். மூட்டத்தின் நீர்த்துளிகளோ ஒளியலையைவிடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும். எந்த ஃபில்டரும் உதவாது.

உதவுவது தொலைவுக் கணக்கு. கண்ணுக்கு 100 மீட்டர் வரை தெரியும் மூட்டம் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் நிற்கும் கற்பூர மரத்தின் தண்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். 25 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல். 50 மீட்டரில் ஏழில் ஒரு பங்குதான். பாதித் தொலைவு வரை நன்றாகத் தெரியும் என்று நினைத்து டெலிபோட்டோ லென்ஸை எடுப்பவர்கள் வெறும் சாம்பலோடு திரும்புவது இதனால்தான். 35 அல்லது 50 மி.மீ. லென்ஸோடு பொருளின் அருகே போங்கள்: ஒன்று 5 மீட்டரில், ஒன்று 20-ல், ஒன்று 45-ல் இருந்தால் மூன்று அடுக்குத் தனித்தனியாக நிற்கும். ஆட்டோஃபோக்கஸ் மூட்டத்தில் முன்னும் பின்னும் அலையும். ஒற்றைப் புள்ளியை மரத்தண்டின் விளிம்பில் வைத்துப் பூட்டுங்கள், இல்லையேல் கையால் திருப்புங்கள்.

எல்லாரும் எடுக்கும் மூட்டப்படம் எதையோ மறைத்து மர்மமாக்குகிறது. நீங்கள் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். பின்னணியை அழித்துத் தரும் வெள்ளைத் திரையாக மூட்டத்தை எண்ணிப் பாருங்கள். கடைத்தெருவில் குழம்பிக் கிடக்கும் மின்கம்பமும் விளம்பரப் பலகையும் வயர்களும் அன்று மட்டும் தனித்தனிப் பொருளாக நிற்கும். ஸ்டுடியோ கட்டினாலும் கிடைக்காத வெளிச்சம் அது.

ஜன்னல் பற்றிக் கொஞ்சம். செக் நாட்டின் ஜோசஃப் சூடெக் 1940 முதல் 1954 வரை பிராக் நகரில் தன் வேலைக்கூடத்து ஜன்னலை, அதில் படிந்த ஈரத்தோடும் உறைபனியோடும், திரும்பத் திரும்ப எடுத்தார். நியூயார்க்கில் சால் லைட்டர் 1950-களில் ஈரக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தெருவை வண்ணத்தில் எடுத்தார். அவர்களுடைய படத்தை நகலெடுக்க வேண்டாம். அவர்கள் எடுத்த முடிவை நம் ஊருக்குக் கொண்டுவரலாம். ஒரே படத்தை வைத்து, எங்கே நின்றார், எதில் ஃபோக்கஸ் வைத்தார், எதை மறைத்தார் என்று எழுதிக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறுங்கள். மூச்சால் மூடிய கண்ணாடி, வெளியே குடை, பச்சை இலை மூட்டை. 50 முதல் 85 மி.மீ., எஃப் 2.8 அல்லது 4, பேருந்து ஓடும்போது ஷட்டர் 1/500. ரப்பர் ஹூடைக் கண்ணாடிக்கு மிக அருகே கொண்டுபோனால் உள்ளிருக்கும் பிரதிபலிப்பு மறையும், ஆனால் அழுத்தாதீர்கள். இன்ஜின் அதிர்வு கேமராவுக்கு ஏறிவிடும். கண்ணாடித் துளியில் ஃபோக்கஸ் வைத்து ஒன்று, வெளியே வைத்து ஒன்று. இரண்டும் இரண்டு வேறு படங்கள். இப்படி மூன்று மாதம் ஒரே ஒரு ஒளிப்படக்காரரின் படங்களோடு இருங்கள். நாளுக்கு இருநூறு படம் விரலால் தள்ளிப் பார்ப்பதை அந்த மூன்று மாதம் நிறுத்திவையுங்கள். கண்ணுக்குப் பசி வர வேண்டும்.

கருவி வித்தைகளை நான் ரசனைக்கு வழியாகச் சொல்லமாட்டேன், ஆனால் ஒன்றிரண்டு முயன்று பார்ப்பதில் தவறில்லை. பழைய குளிர்பானக் கேன் தகடு 2 செ.மீ. சதுரம், நடுவில் மெல்லிய ஊசி நுனி, பின்பக்கம் 600 எண் உப்புத்தாளால் தேய்த்து 0.3 மி.மீ. துளை. அதை டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் பாடி கேப்பில் (லென்ஸ் இல்லாதபோது போடும் மூடி), நடுவில் போட்ட ஓட்டைமேல் ஒட்டினால் ஊசித்துளைக் கேமரா தயார். துளையை அளக்க ஸ்கேனரில் 2400 டி.பி.ஐ.யில் வையுங்கள், 28 பிக்சல் அகலம் வந்தால் 0.3 மி.மீ. அது ஏறக்குறைய எஃப் 150. மூட்ட நாளில் ஐ.எஸ்.ஓ. 100-க்கு 5, 6 நொடி ஆகும். சென்சாரில் உள்ள தூசி ஒவ்வொன்றும் கரும்புள்ளியாகத் தெரியும், முதலில் சுத்தம் செய்யுங்கள்.

பழைய பிலிமும் அப்படித்தான். ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம் போட்டது. ஆலை மூடப்பட்டுவிட்டது; பழைய சுருள் எங்காவது கிடைத்தால் ஆசை வரும். காலாவதியான பிலிமில் அடித்தளமே மங்கலாகியிருக்கும், வேறுபாடு குறைந்திருக்கும். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி எடுப்பது நடைமுறைக் கணக்கு. அதை மூட்டத்தில் வீணாக்காதீர்கள், இரண்டு மங்கலும் சேர்ந்து ஒன்றுமே மிஞ்சாது. ஜனவரியின் கூர்மையான மதிய வெயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சோதனை மட்டும் எப்போதும் வேண்டும்: வித்தையை நீக்கிவிட்டுச் சாதாரண லென்ஸில் அதே ஃபிரேமை எடுத்தால் பார்க்க ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் வித்தியாசம் லென்ஸுடையது, உங்களுடையது ஆகாது.

மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் ஊட்டிக்கு வந்த ஸ்டுடியோக்காரர்கள் தோடர்களை அவர்கள் குடியிருப்பான மந்தின் முன்னால் நிறுத்தி 'வகை மாதிரி'யாக எடுத்தார்கள். அந்தப் பார்வை இன்னும் போகவில்லை. தேயிலை பறிக்கும் பெண்ணைச் சிரிக்கவைத்து எடுப்பதும் அதன் தொடர்ச்சிதான். இன்று பல தோட்டங்களில் கத்தரி வைத்துத்தான் இலை எடுக்கிறார்கள், இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொள்கிறார்கள், மூட்டையைத் தலையில் சுமக்கிறார்கள். படத்துக்காகக் கூடையை மாட்டச் சொல்வது பொய். அந்தக் குடும்பங்களில் பல 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவை. அவர்கள் வாழ்க்கையில் படமெடுக்க வேண்டியவை சிரிப்பைவிட நிறைய இருக்கின்றன. 'அக்கா, எடுக்கலாமா?' என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுங்கள், எடுத்தால் அச்சுப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாம் முறை போகும்போது அவர்களே எதை எடுக்க வேண்டும் என்று காட்டுவார்கள். அங்கேதான் உங்கள் படம் மற்றவருடையதிலிருந்து பிரியும்.

கருவியைக் காப்பதில் மலைக்கென்று மூன்று விஷயங்கள். ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத 10 லிட்டர் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி, 40 முதல் 50-க்குள் வைத்திருங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானதும் 110 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உழைக்கும். குளிரிலிருந்து அடுப்பெரியும் அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் மூடி அரை மணி நேரம் விடுங்கள். நீர் பையின்மேல் படியும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி எடுக்கப் போனால் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் வேகமாகச் சரிந்துவிடும்.

தேர்ந்தெடுப்பதில்தான் முக்கால்வாசி வேலை. ஒரு நாளைக்கு 36 படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்ததை மூன்று வாரம் திறக்காதீர்கள். எடுத்த அன்றைய குளிரும் பட்ட சிரமமும் நினைவில் இருக்கும் வரை படத்தை நீதியாகப் பார்க்க முடியாது. பிறகு நல்லவை என்று பட்டதை 4×6-ல் அச்செடுத்து, சுவரில் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் மாட்டுங்கள். தினம் கடந்து போகும் இடமாக இருக்கட்டும். ஒரு மாதத்தில் சில தாமாகவே சலிக்கும், கழற்றிவிடுங்கள். சில முதலில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டு மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்ளும். நம்பிக்கையான இருவரைக் கூப்பிட்டு, எது பிடித்திருக்கிறது என்று கேட்காதீர்கள். என்ன தெரிகிறது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், எதை எடுத்துவிடலாம் என்று கேளுங்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு மிஞ்சினால் நிறைய.

மிஞ்சியதைத் தேதி வாரியாக அடுக்க வேண்டாம். ஒரு படத்தின் வலது ஓரமும் அடுத்ததன் இடது ஓரமும் எப்படிச் சேர்கின்றன என்று பார்த்து அடுக்குங்கள்: ஹோஸ் குழாயின் வளைவு அடுத்த படத்தில் கொடிக்கயிறாகத் தொடரலாம். நான்கு ஏ4 தாளை மடித்தால் 16 பக்கச் சிறு நூல், 130 ஜி.எஸ்.எம். மேட் தாள், நடுவில் இரண்டு பின். மூட்டப் படங்கள் மேட் தாளில் ஒரு படி இருண்டு விழும், ஆகவே அச்சுக்கு அனுப்பும்போது சற்று வெளிச்சம் கூட்டி, ஒரு பக்கம் மட்டும் சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள்.

கடைசியாக, யாருக்கும் பிடிப்பதில்லை என்றீர்கள். 1976-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, மூன்று சக்கர சைக்கிள் போன்ற சாதாரணப் பொருள்களைக் காட்டிய அவை சலிப்பூட்டுகின்றன என்று விமர்சகர்கள் எரிச்சலோடு எழுதினார்கள். இன்று வண்ண ஒளிப்படத்தைப் பற்றிப் பேசினால் அந்தக் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஒற்றைப் படமாக, போன் திரையில், இரண்டு நொடி பார்த்தால் அவையும் ஒன்றுமில்லாமல்தான் தெரியும். உங்கள் நிழற்குடை ஒன்றைத் தனியாகக் காட்டினால் யாருக்கும் பிடிக்காது. இருபதைச் சேர்த்துக் காட்டினால் அந்த நிறுத்தத்தில் தினம் நிற்பவர்கூட நின்று பார்ப்பார். ஆகவே ஆறு மாதம் எதையும் இணையத்தில் போடாதீர்கள். 16 பக்க நூலை பத்துப் பிரதி அடித்து, முதல் பிரதியை அந்த நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவரிடம் கொடுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் நிறுத்துகிறார், எதை அடுத்தவருக்குக் காட்டுகிறார் என்று கவனித்து, அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.